மூன்று விளக்கும் ஒன்றாக எரிந்த கதை

ஏப்ரலில் ஒரு ராத்திரி, வேளச்சேரி பாலம் ஏறும்போது காரின் டேஷ்போர்டில் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக்), ஸ்டியரிங், எஞ்சின் மூன்று விளக்கும் ஒன்றாக எரிந்தன. ஸ்டியரிங் இறுகிவிட்டது. ஓரங்கட்டி, வண்டியை அணைத்துத் திரும்பப் போட்டேன். எல்லாம் சரி!

அப்புறம் வாரத்துக்கு இரண்டு தடவையாவது இதே கூத்து. ஏசியை முழுசாக வைத்து ஹெட்லைட்டும் போட்டால்தான் வரும். பகலில் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் பரம சாதுவாக நிற்கும். அங்கே ஸ்கேனரைச் சொருகியதும் 'யு' எழுத்தில் தொடங்கும் பிழைக் குறியீடுகள் வரிசையாக வந்தன. ஒரு மாட்யூல், அதாவது வண்டிக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர், பேசுவது இன்னொன்றுக்குக் கேட்கவில்லை என்று அர்த்தமாம். பேட்டரியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். ஒரே வாரத்தில் பழையபடி. அடுத்து மாட்யூலையே மாற்ற வேண்டும், 42,000 ரூபாய் ஆகும் என்றார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி, மடிப்பாக்கத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அறுபது வயதிருக்கும். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "தம்பி, மழையில தண்ணி உள்ள வந்துச்சா?" என்றார்.

வந்திருந்தது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். பார்க்கிங்கில் நின்ற வண்டிக்குள் கால்மிதி முழுகும் அளவுக்குத் தண்ணீர். காயவைத்து, ஓட்டிப் பார்த்து, மறந்தே போயிருந்தேன்.

டிரைவர் பக்கம் கார்ப்பெட்டைத் தூக்கினார். குப்பென்று ஈரவாடை. கதவோரம் பாடியில் ஒரு போல்ட், அதில் நாலைந்து கறுப்பு ஒயர்கள். எஞ்சினை ஓடவிட்டு ஏசி, ஹெட்லைட் எல்லாம் போடச் சொன்னார். மல்டிமீட்டரின் ஒரு முனையை அந்த ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையமான லக்கிலும், மறுமுனையை நீள ஒயர் கட்டி பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தார். 2.6 வோல்ட். "இங்க 0.1க்கு மேல வரவே கூடாது," என்றார்.

அவர் விளக்கியது எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு மாட்யூலும் தன் எர்த்தை, அதாவது கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பைத்தான், பூஜ்யம் வோல்ட் என்று நம்புகிறது. போல்டில் துரு ஏறினால் கரண்ட் திரும்பிப் போக முட்டுகிறது, அந்தப் பூஜ்யமே மேலே ஏறிவிடுகிறது. லோடு கூடக் கூட ஏற்றமும் கூடும். அந்த மாட்யூல் அனுப்பும் சிக்னல் மற்ற மாட்யூல்களுக்குப் பிடிபடாமல் போகிறது. குறை போல்டில், விளக்கெரிவதோ ஏபிஎஸ்ஸில். துரு மெதுவாக அரிக்கும் என்பதால்தான் டிசம்பர் மழைக்கு ஏப்ரலில் விளக்கு எரிந்திருக்கிறது.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு போல்டை எடுத்தார். லக்கில் பச்சைக் களிம்பு. இரண்டு ஒயர்களை வெட்டிப் புது லக் அடித்து, பாடியை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, முடுக்கி, மேலே வாஸ்லின் தடவினார். மறுபடி மீட்டர் வைத்தார். 0.04.

கூலி 800 ரூபாய். எட்டு மாதமாகிறது, ஒரு விளக்கும் எரியவில்லை. எக்ஸ்சேஞ்சில் கொடுத்த பழைய பேட்டரியை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அதில் ஒரு குறையும் இருந்ததில்லை.