மெத்து மெத்தென்ற சீட்டும் பஞ்சர் கடை டியூபும்: திருச்சியிலிருந்து குமரி வரை

என் வண்டி 150 சிசி, வாங்கி எட்டு வருஷம் ஆகிறது. எஞ்சினைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன், சீட்டைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவேன். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. 60 கிலோமீட்டர் தாண்டினால் போதும், ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபக்கமாகச் சாய்ந்து, கடைசியில் ஃபுட்ரெஸ்ட் மேல் எழுந்து நின்று ஓட்ட ஆரம்பித்துவிடுவேன். பின்னால் வருகிற லாரிக்காரர் என்ன நினைப்பாரோ.

மாசிக் கடைசியில் கன்னியாகுமரி போக முடிவு செய்தபோது, 380 கிலோமீட்டரை இந்தச் சீட்டில் ஓட்ட முடியாது என்று சீட் கவர் தைக்கும் கடைக்குப் போனேன். "நல்லா மெத்துன்னு இருக்கணும்ணே" என்றேன். நான் கேட்டதைத்தான் அவர் செய்தார், அவர் மேல் தப்பில்லை. பழைய ஸ்பாஞ்சுக்கு மேல் இரண்டு அங்குலத்துக்கு இளசான ஸ்பாஞ்சு வைத்து, மேலே புது ரெக்சின் இழுத்து அடித்து, 700 ரூபாய். கடை வாசலில் உட்கார்ந்து பார்த்தால் கல்யாண வீட்டு சோபா மாதிரி இருந்தது. ஒரே ஒரு சிக்கல், உயரம் கூடியதால் சிக்னலில் குதிகால் தரையில் படவில்லை, நுனிக்காலில்தான் நிற்க வேண்டியிருந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். விராலிமலை வரை சுகமோ சுகம். துவரங்குறிச்சியில் டீ குடித்துவிட்டு ஏறும்போதே லேசாக ஒரு சந்தேகம். மேலூர் நெருங்கியபோது சந்தேகம் தீர்ந்துவிட்டது, சரியாக இரண்டே இரண்டு இடத்தில் நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. பழைய சீட்டில் 60 கிலோமீட்டர் தாங்கியவனுக்குப் புதுச் சீட்டில் பெரிதாக ஒன்றும் கூடவில்லை.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. நாம் உட்காரும்போது உடம்பின் பாரம் பின்பக்கம் முழுக்கப் பரவுவதில்லை, இடுப்பெலும்பின் அடியில் இருக்கிற இரண்டு முனைகள்தான் பெரும்பங்கைத் தாங்குகின்றன. இளசான ஸ்பாஞ்சு அந்த இரண்டு இடத்திலும் அப்பளம் மாதிரி அமுங்கிவிடும். அமுங்கி முடித்த ஸ்பாஞ்சும் பலகையும் ஒன்றுதான், மெத்தென்று இருப்பது எலும்பு படாத இடம் மட்டும். தவிர, உடம்பு உள்ளே புதைந்துவிடுவதால் உட்காரும் இடத்தை மாற்றிக்கொள்ளவும் முடியாது, காற்றும் போகாது, வியர்வையில் ஊறிய தோல் ரெக்சினில் உரசி இன்னும் எரியும்.

கப்பலூர் டோல்கேட்டில் டூவீலருக்கு விட்டிருக்கிற ஓரச் சந்தில் நின்றுகொண்டே போனேன். விருதுநகரில் எண்ணெய் புரோட்டா சாப்பிடலாம் என்று ஆசையாக இறங்கினால், ஹோட்டலில் மர பெஞ்சு. உட்கார முடியவில்லை. பார்சல் வாங்கி வண்டி டேங்க் மேல் வைத்து நின்றபடியே சாப்பிட்டேன். புரோட்டா மேல் சத்தியமாக, அன்றைக்கு அதன் ருசி ஞாபகமே இல்லை.

சாத்தூர் தாண்டி, காற்று பார்க்கலாம் என்று வேப்பமரத்தடிப் பஞ்சர் கடை ஒன்றில் நிறுத்தினேன். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும், டிராக்டர் டியூப் ஒன்றைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். நான் வண்டியிலிருந்து இறங்கின லட்சணத்தைப் பார்த்தே சிரித்துவிட்டார்.

"என்ன தம்பி, ரொம்ப தூரமோ?"

"திருச்சிலருந்து அண்ணாச்சி. சீட்டுக்குப் புதுசா ஸ்பாஞ்சு வச்சும் முடியல."

"ஸ்பாஞ்சு எவ்வளவு வச்சாலும் அமுங்கத்தான செய்யும். காத்து வச்சுப் பாருங்க."

உள்ளே போய் ஒரு பழைய ஸ்கூட்டர் டியூபை எடுத்து வந்தார். 10 அங்குலச் சக்கரத்துடையது, மூன்று ஒட்டு போட்டது. சீட்டின் மேல் நீளவாக்கில் நீள்வட்டமாக வரும்படி அதைப் படுக்க வைத்தார், வால்வு பின்பக்கம் ஓரமாக இருக்கும்படி. டியூபிலிருந்தே வெட்டின ரப்பர் பட்டை, நம் ஊரில் கேரியரில் மூட்டை கட்டுவார்களே அதே பட்டை, இரண்டை எடுத்துச் சீட்டோடு சேர்த்துக் குறுக்கே கட்டினார். மேலே என் துண்டை நான்காக மடித்துப் போட்டோம். கறுப்பு ரப்பர் வெயிலில் கொதிக்கும், துண்டு இல்லாமல் உட்கார்ந்தால் வேறு கதையாகிவிடும். 40 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அவசரப்பட்டு நான் செய்த தப்பு, காற்றை நிறைய அடிக்கச் சொன்னது. அரை கிலோமீட்டர் போவதற்குள் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்த மாதிரி ஆடியது, ஒரு லாரி கடந்துபோன காற்றுக்கே வண்டி என் கீழே தனியாக அசைந்தது. திரும்பி வந்தேன். அண்ணாச்சி என்னை மேலே உட்கார வைத்துக்கொண்டே வால்வை அழுத்திக் காற்றை இறக்கினார். எலும்பு சீட்டில் இடிக்கும் வரை இறக்கிவிட்டு, அப்புறம் கைப்பம்பில் இரண்டே அடி. சீட்டுக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு விரல் கனம் இடைவெளி, அவ்வளவுதான். பார்த்தால் டியூபில் காற்றே இல்லாத மாதிரி தொளதொளவென்று இருக்கும், அதுதான் சரியான அளவு. காற்று ஒரு இடத்தில் அமுங்கினால் இன்னொரு இடத்துக்கு நகர்ந்து பாரத்தைப் பரப்பிவிடுகிறது, ஸ்பாஞ்சால் அது முடியாது.

கோவில்பட்டி வந்ததே தெரியவில்லை. கடலை மிட்டாய் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு, கயத்தாறு காற்றாலைகளைப் பார்த்தபடி போகும்போது டியூப் மறுபடி விறைத்துக்கொண்டது, வெயிலில் உள்ளே இருக்கிற காற்று விரிகிறது, கொஞ்சம் இறக்கிவிட்டால் சரியாகிறது. திருநெல்வேலியில் சித்தி வீட்டில் ராத்திரி தங்கல்.

அங்கே ஒரு பேராசை. தம்பி டாக்சி ஓட்டுகிறான், அவனிடம் மரமணி கோர்த்த பழைய சீட் விரிப்பு ஒன்று இருந்தது. அதை மடித்துக் கட்டிப் பாருங்கள் அண்ணே, காத்து நல்லா வரும் என்றான். டியூபைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு அதைக் கட்டினேன். காற்று வந்தது உண்மைதான், ரெக்சினில் ஒட்டுகிற வியர்வைத் தொல்லை சுத்தமாக இல்லை. நாங்குநேரி பக்கம் ஓரத்து நரம்பு அறுந்து மணிகள் ஒவ்வொன்றாகத் தார் ரோட்டில் உருண்டு ஓடின, பின்னால் வந்த பள்ளிக்கூடப் பையன்கள் சைக்கிளை நிறுத்திப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். புதிதாக வாங்கி, மடிக்காமல், சீட் அளவுக்கு வெட்டி முடிச்சுப் போட்டுக் கட்டினால் நல்ல பொருள்தான் என்று நினைக்கிறேன். நான் மறுபடி டியூபுக்கே வந்துவிட்டேன்.

இன்னொரு விஷயமும் வழியில் பிடிபட்டது. ஒவ்வொரு பிரேக்குக்கும் நான் டேங்கை நோக்கிச் சறுக்குகிறேன், உடனே கையை ஊன்றிப் பின்னால் தள்ளிக்கொள்கிறேன், ஒரு நாளில் எத்தனை நூறு தடவையோ. மணிக்கட்டு வலிக்குக் காரணம் ஹேண்டில்பார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். குமரியில் லாட்ஜ் வாசலில் சீட்டைக் கழற்றிப் பார்த்தால், சீட்டே முன்பக்கம் சரிவாக இருக்கிறது. சீட் தகட்டின் அடியில், சட்டத்தில் உட்காரும் இடத்தில் நான்கு ரப்பர் குமிழ் இருக்கும். முன்னால் இருக்கிற இரண்டுக்கு அடியிலும் பழைய டயர் ரப்பரில் வெட்டின 5 மி.மீ. துண்டு ஒன்றை வைத்து ஒட்டினேன். செலவு பூஜ்யம். அதற்கு மேல் ஏற்றினால் என் வண்டியில் முன்பக்க நாக்கு கொக்கியில் மாட்டவில்லை, அதனால் பேராசை வேண்டாம். மாட்டின பிறகு சீட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், அசையக்கூடாது. ஒயர் எதுவும் நசுங்கவில்லையே என்றும் பாருங்கள். 5 மி.மீ. என்ன செய்துவிடப்போகிறது என்று நினைத்தேன், திரும்பி வரும்போது மதுரை வரை மணிக்கட்டு ஞாபகமே வரவில்லை. மணிக்கொரு தரம் நிறுத்தி இறங்கி ஐந்து நிமிஷம் நடந்ததும் உதவியிருக்கும். ஜீன்ஸுக்குப் பதில் தடித்த தையல் இல்லாத பேன்ட் போட்டதும்தான், ஜீன்ஸின் நடுத்தையல் ஒரு கயிறு மேல் உட்கார்ந்த மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் 700 ரூபாய் வேலையை நானே பிரித்தேன். ஸ்க்ரூடிரைவரால் ஸ்டேப்ளர் பின்களை நெம்பி எடுத்தால் ரெக்சின் கழன்று வந்துவிடும். முதலில் எலும்பு எங்கே படுகிறது என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து, வரிவரியாக இருக்கும் அந்த அட்டையைக் கெட்டியான ஸ்டூலில் போட்டு, அதன் மேல் ஐந்து நிமிஷம் அழுத்தி உட்கார்ந்தேன், எழுந்தால் இரண்டு பள்ளம். எனக்கு நடுவுக்கு நடு 12 செ.மீ. வந்தது. அப்புறம் இளசு ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, மெத்தைக் கடையில் ரீபாண்டட் என்று கேட்டு, துணுக்குகளை அழுத்தி ஒட்டின ஒரு அங்குலக் கெட்டித் துண்டு வாங்கினேன். கையில் அமுக்கினால் இதிலா உட்காரப் போகிறோம் என்று பயம் வரும். பழைய ஸ்பாஞ்சில் அந்த இரண்டு பள்ளத்தைச் சுற்றி அகலமாக முக்கால் அங்குலம் ஆக்ஸா பிளேடால் சீவி, 60 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அந்த இடத்தில் ரீபாண்டட்டை ரப்பர் சொல்யூஷன் போட்டு ஒட்டி, விளிம்பைச் சரிவாகத் தேய்த்தேன். விளிம்பு சரிவு முக்கியம், இல்லாவிட்டால் ரெக்சினுக்கு மேல் வரப்பு மாதிரி தெரியும், தொடையில் உறுத்தும். எல்லாவற்றுக்கும் மேலே 6 மி.மீ. யோகா பாயில் ஒரு தளம். சீட்டின் உயரமும் கிட்டத்தட்ட பழையபடியே இறங்கி, குதிகால் தரையில் படுகிறது.

ரெக்சினை வெயிலில் அரை மணி நேரம் போட்டு இளக்கி, முன்னும் பின்னும் நடுவில் முதலில் பின் அடித்துவிட்டு, அப்புறம் பக்கவாட்டில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்து அடித்தேன். 6 மி.மீ. பின்தான், நீளமானது தகட்டைத் துளைத்து மேலே வந்துவிடும். மொத்தம் 380 ரூபாய் ஆனது, பின் அடிக்கிற கன் பக்கத்து வீட்டில் இரவல்.

ஒரு மறதி மட்டும் நடந்தது. ரெக்சினுக்கு அடியில் பாலிதீன் தாள் போட வேண்டும் என்று வாங்கி வைத்திருந்தேன், அடித்து முடித்த பிறகு அது மேஜை மேல் கிடந்தது. ஐப்பசி மழையில் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கி, வெயில் அடிக்கிற நாளில்கூட உட்கார்ந்தால் பேன்ட் ஈரமாகிறது. இப்போதைக்கு மழை என்றால் சீட் மேல் ஒரு பிளாஸ்டிக் பை மாட்டிவிடுகிறேன். கார்த்திகை கழிந்ததும் மறுபடி பிரிக்க வேண்டும்.