கட்டை வேஷமும் க்ளோசப்பும்

நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் கூத்தாடுகிறவர்களுக்கு மாநில எல்லை பெரிதாகத் தெரியாது. 1960ல் திருத்தணி மெட்ராஸ் மாநிலத்தோடு சேர்ந்தது, நகரி, புத்தூர்க்காரர்களான நாங்கள் ஆந்திராவில் நின்றுவிட்டோம், அவ்வளவுதான். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் என்கிற மகாபாரதத் திருவிழா வைத்தால் எந்தப் பக்கமானாலும் ஜமா, அதாவது எங்கள் கூத்துக் குழு, கிளம்பிவிடும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. தெலுங்கு பேசுகிறவர்கள் அதிகமாக உட்கார்ந்திருக்கிற ஊரில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் தெலுங்கில் கேட்பான், ராஜா வேஷம் கட்டிய நான் தமிழில் பதில் சொல்வேன், ஜனங்களுக்கு ரெண்டும் புரியும்.

இப்போது பெரும்பாலும் சினிமாவிலும் சீரியலிலும் சின்ன வேஷங்கள் செய்கிறேன். ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறினால் அரக்கோணம் வழியாகச் சென்னை. ஷூட்டிங்கில் என்னைப் பற்றித் தெரிந்ததும் எல்லோரும் சொல்கிற முதல் வார்த்தை, "கூத்துக்காரரா, அப்போ கொஞ்சம் குறைச்சுப் பண்ணுங்க" என்பதுதான். அதில் தப்பில்லை. தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம், காலில் சலங்கை என்று கட்டை வேஷம் முழுக்கக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் பாய் போட்டுப் படுத்திருக்கிற பாட்டிக்கும் கேட்கிற மாதிரி பாடிப் பழகின உடம்பு, கேமராவுக்குப் புருவம் ஒன்று அசைந்தாலே போதும் என்பதைக் கற்றுக்கொள்ள நாளாகும். ஆனால் கூத்து கொடுத்தது குரல் மட்டும்தான் என்று நினைக்கிறார்களே, அது எனக்கு வருத்தம். என் வாத்தியார் குரலைவிடக் காதுக்குத்தான் அதிகம் பயிற்சி கொடுத்தார்.

கட்டியங்காரன் எப்போது என்ன கேட்பான் என்று யாருக்கும் தெரியாது. ராஜா திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி முடித்து, திரையை விலக்கினதும் தர்பாருக்கு வருவார், வந்தவுடன் இவன் அந்த ஊர் ஏரி வறண்டதைப் பற்றிக் கேட்பான், இல்லாவிட்டால் பின்பாட்டுக்காரர் கொட்டாவி விட்டதைப் பிடித்துக்கொள்வான். அதைக் கவனமாகக் கேட்டால்தான் துரியோதனனாகவே இருந்து பதில் சொல்லிக் கதைக்குத் திரும்ப முடியும். அடுத்த வரியை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தால் மாட்டிக்கொள்வோம். மிருதங்கம் எங்கே அழுத்துகிறது, முகவீணை என்கிற ஊதுகுழல் எங்கே இழுக்கிறது, இதையும் அதே காதுதான் பிடிக்க வேண்டும்.

இது கேமரா முன்னால் எப்படி உதவுகிறது என்று சொல்கிறேன். ஒரு காட்சியை முதலில் எல்லோரையும் நிற்கவைத்து வைடாக எடுப்பார்கள், அப்புறம் ஒவ்வொருவருக்கும் க்ளோசப். பெரிய நடிகரின் பகுதி முதலில் முடிந்து அவர் கிளம்பியிருப்பார். என் முறை வரும்போது எதிரே ஒரு லைட் ஸ்டாண்டும், கேமரா பக்கத்தில் அவருடைய வசனத்தை மளிகைக்கடை லிஸ்ட் மாதிரி வாசிக்கிற அசிஸ்டென்ட் டைரக்டரும்தான் இருப்பார்கள். அந்தத் தட்டையான வாசிப்பில் அந்த நடிகர் காலையில் எந்த இடத்தில் மூச்சு வாங்கினார், எந்த வார்த்தையை விழுங்கினார் என்று ஞாபகத்திலிருந்து கேட்க வேண்டும். முகத்தில் வருவதெல்லாம் அதற்குப் பிறகு தானாக வருவது. தமிழிலும் தெலுங்கிலும் ஒரே சமயத்தில் எடுக்கிற படமென்றால் அதே ஷாட்டை மறுபடி தெலுங்கில் பேச வேண்டும், எங்கள் எல்லைக்காரர்களுக்கு அது பாரமே இல்லை.

எனக்கு இன்றைக்கும் பழகாதது வரிசைதான். கூத்தில் துரியோதனன் கர்வத்தோடு வருவான், ராத்திரி முழுக்க ஆடி, விடியும்போது உடம்பு களைத்திருக்கிற நேரத்தில்தான் விழுவான், அந்தக் களைப்பே நடிப்பாகிவிடும். ஷூட்டிங்கில் காலையில் சாவு, சாயங்காலம் அதே ஆளுக்குக் கல்யாணம். களைப்பை நானே தயார் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கூத்துக்கும் சினிமாவுக்கும் நடுவே பாதை உண்டு என்று முதலில் காட்டியவர்களில் நாடகாசிரியர் ந. முத்துசாமியை நான் மரியாதையோடு நினைக்கிறேன். 1977ல் சென்னையில் அவர் கூத்துப்பட்டறை என்கிற நாடகக் குழுவைத் தொடங்கினார். புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்ற பரம்பரைக் கூத்துக்காரரிடம் நகரத்துப் பிள்ளைகள் பாடம் கேட்டார்கள். நடிகர் பசுபதி அங்கிருந்து வந்தவர். குரு சோமசுந்தரமும் அங்கே பல வருஷம் இருந்தவர், 2021ல் வந்த மலையாளப் படமான 'மின்னல் முரளி'யில் அவர் பார்க்கிற பார்வையை மட்டும் கவனியுங்கள், எதிராளியை எப்படி உள்வாங்குகிறார் என்று தெரியும். ஆனால் கிராமத்து ஜமாவிலிருந்து நேராக வருகிறவனுக்கு இன்னும் கூட்டத்தில் நிற்கிற வேஷம்தான் சுலபமாகக் கிடைக்கிறது. இது மாற வேண்டும்.

சினிமா சம்பளம் வீட்டுக்கு வேண்டும், அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் துரியோதனன் விழுகிற படுகளத்தன்று வரமாட்டேன் என்று மேனேஜரிடம் முன்னாலேயே சொல்லிவிடுவேன். திடலில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் படுத்திருப்பான், பீமன் அவன் தொடையில் அடித்ததும் திரௌபதி கூந்தல் முடிவாள், சாயங்காலம் தீமிதி. இந்த வருஷம் துரியோதனன் வேஷம் ஜமாவில் ஒரு சின்னப் பையனுக்குப் போகிறது. நல்லா ஆடுகிறான், ஆனால் கட்டியங்காரன் பேசும்போது பராக்குப் பார்க்கிறான். அதற்காகவே ஒரு வாரம் முன்னாலேயே ஊருக்குப் போகிறேன்.