வெள்ளிக்கிழமை வரும் வெள்ளை மேலங்கி

டோக்கியோவில் இருக்கிறோம் என்றாலே ஊரில் எல்லோரும் கேட்பது இரண்டு கேள்விகள்தான். நிலநடுக்கம் வருமே, பயமாக இல்லையா? சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? எங்கள் வாழ்க்கையை இங்கே நிலைப்படுத்தியது மகள் படிக்கும், வார்டு நிர்வாகம் நடத்தும் அரசுப் பள்ளிக்கூடம். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இங்கே பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று குழம்பி நிற்கும் குடும்பங்களுக்காகவாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நாங்கள் இருப்பது எதோகவா வார்டில், நிஷி கசாய். 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய வந்த இந்திய மென்பொருள்காரர்கள் குடியேறிய பகுதி. டோசாய் லைன் ரயில் ஏறினால் வங்கிகள் இருக்கிற நிஹோன்பாஷி, ஒதேமாச்சியில் நேரே இறங்கலாம். இங்குள்ள யூ.ஆர். என்ற அரசு சார்ந்த வாடகைக் குடியிருப்புகளில் ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் தேட வேண்டியதில்லை, வெளிநாட்டுக்காரர் என்று வீடு மறுப்பதும் இல்லை. அதனால் ஒருவர் பின் ஒருவராக வந்து, இன்றைக்கு உளுந்தும் கறிவேப்பிலையும் நடந்துபோய் வாங்குகிற அளவுக்கு ஆகியிருக்கிறது. வந்த புதிதில் அது பெரிய ஆறுதல். ஆனால் நம் கடை, நம் வாட்ஸாப் குழு, நம் பிறந்தநாள் விழா என்று இருந்தால், எதிர் வீட்டு ஜப்பானியரிடம் ஒரு வார்த்தை பேசாமலே வருடங்களை ஓட்டிவிட முடியும். எனக்கு அப்படி இருக்கப் பிடிக்கவில்லை.

மகளுக்கு ஆறு வயது ஆனபோது, தெரிந்தவர்கள் எல்லோரும் இந்தியப் பாடத்திட்டப் பள்ளியைத்தான் சொன்னார்கள். திரும்பிப் போக நேர்ந்தால் பிள்ளைக்குச் சிரமம் என்பது நியாயமான கவலைதான். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இங்கே கட்டாயக் கல்வி கிடையாது. ஆனால் வார்டு அலுவலகத்தில் விண்ணப்பித்தால் அரசுப் பள்ளியில் கட்டணமில்லாமல் இடம் கிடைக்கும். நாங்கள் விண்ணப்பித்தோம்.

ஏப்ரலில் பள்ளி திறக்கும் முன்பே வேலை வந்துவிட்டது. கணக்குப் பெட்டி என்று ஒன்று கொடுத்தார்கள். எண்ணுவதற்குக் குச்சிகள், பூ வடிவ வில்லைகள், விளையாட்டுக் காசு, அட்டைகள். அதில் இருக்கும் ஒவ்வொரு சாமானிலும் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும். பெட்டியின் மேல் ஒட்டினால் போதாது, ஒவ்வொரு குச்சியிலும், ஒவ்வொரு வில்லையிலும். அரிசி நீளத்துக்கு அச்சடித்த ஸ்டிக்கர்களை வாங்கிவந்து, பிள்ளைகள் தூங்கியபின் என் கணவர் புருவ இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டினார். கதகனா என்ற ஜப்பானிய எழுத்தில் மகளின் பெயரை அத்தனை முறை பார்த்ததில் எனக்கே அந்த எழுத்துகள் மனதில் பதிந்துவிட்டன.

பள்ளிக்கு நடந்துதான் போக வேண்டும், பிள்ளைகள் தாங்களாகவே. முதுகில் ரந்தோசெரு பை, தலையில் மஞ்சள் தொப்பி, பையின் வாரில் இழுத்தால் அலறும் பஸ்ஸர். தூத்துக்குடியிலிருந்து அம்மா போனில் சத்தம் போட்டாள். “பச்சப்பிள்ளைய தனியாவா அனுப்புத? உனக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா?” பிள்ளை போகிற வழியைப் பார்த்தால்தான் இந்த ஏற்பாடு புரியும். முக்குக்கு முக்கு யாராவது நிற்பார்கள். ஆபத்தென்றால் பிள்ளைகள் ஓடி நுழையலாம் என்று ஸ்டிக்கர் ஒட்டிய கடைகளும் வீடுகளும் வழிநெடுக இருக்கின்றன. ரோட்டைக் கடக்கும் இடத்தில் மஞ்சள் கொடியோடு நிற்பது பெற்றோரின் வேலை. முறை வைத்து நிற்க வேண்டும், எங்களுக்கும் முறை வரும்.

குளிர்காலத்தில் ஒரு காலை, கொடியோடு நின்றிருந்தேன். பக்கத்துக் கட்டிடத்துப் பெரியவர் நாயோடு வந்தார். லிஃப்டில் பலமுறை பார்த்தும் தலையசைப்புக்கு மேல் பேசியதில்லை. அன்றைக்கு நின்று, ‘சிரமத்துக்கு நன்றி’ என்றார். பிறகு, தன் மகனும் இதே பள்ளியில்தான் படித்தான், அப்போது இந்த முக்கில் சிக்னல் கிடையாது என்று சொல்ல ஆரம்பித்தார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அதற்கப்புறம் லிஃப்டில் நாங்கள் பேசாமல் இருந்ததில்லை.

மத்தியானச் சாப்பாட்டை வகுப்பறையில் பிள்ளைகளே பரிமாறுகிறார்கள். வாரம் ஒரு குழுவுக்கு முறை. வெள்ளை மேலங்கி, வெள்ளைத் தொப்பி, மாஸ்க் போட்டுக்கொண்டு ஒருத்தி சூப் ஊற்றுவாள், ஒருவன் சோறு வைப்பான், ஒருவன் பால் கொடுப்பான். அந்த மேலங்கி பள்ளிக்குச் சொந்தம். வெள்ளிக்கிழமை துணிப்பையில் சுருட்டி வீட்டுக்கு வரும். துவைத்து, இஸ்திரி போட்டு, திங்கட்கிழமை அனுப்பினால் அடுத்த பிள்ளை போட்டுக்கொள்ளும். மகளுக்கு வந்தது ஏழாம் நம்பர். இரண்டாவது பட்டன் மட்டும் கொஞ்சம் வேறு நிறம். எப்போதோ யாரோ ஒரு அம்மா தன் வீட்டுப் பட்டனை எடுத்துத் தைத்திருக்கிறாள். தொப்பியின் எலாஸ்டிக்கைக்கூட மாற்றிப் பொடித் தையல் போட்டிருந்தார்கள். மஞ்சள் கறை படிந்த எங்கள் வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியாக அலசி, காலரை இரண்டு முறை தேய்த்து மடித்தேன். அந்த அம்மா யாரென்று எனக்குத் தெரியாது, என்னையும் அவளுக்குத் தெரியாது. ஆனால் அவள் பிள்ளை போட்ட உடுப்பை என் பிள்ளை போடுகிறாள். இந்த ஊரில் நமக்கும் ஒரு இடம் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

அப்பாவுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். காமராஜர் 1956இல் மதிய உணவைத் தொடங்கிவைத்த எட்டயபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. அந்தச் சாப்பாட்டில் படித்து வந்தவர். இங்கே பள்ளி உணவுச் சட்டம் 1954இல் வந்தது என்றதும், “ரெண்டு வருசம் முந்திட்டானுவளே” என்றார். பிள்ளைகளே பரிமாறுவது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

மாதாமாதம் சாப்பாட்டுப் பட்டியல் வீட்டுக்கு வரும். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி இருக்கும் நாட்களை வட்டமிட்டு ஆசிரியரிடம் கொடுத்துவிடுவோம். அன்றைக்கு அந்த ஒரு பதார்த்தத்துக்கு மட்டும் வீட்டிலிருந்து மாற்று போகும். சுத்த சைவக் குடும்பங்களுக்குப் பாடு அதிகம். மிசோ சூப்பில்கூட கட்சுவோபுஷி என்ற உலர்மீன் சீவலின் சாறு இருக்கும். சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டைபோலக் காயவைத்துச் சீவுவது. வந்த புதிதில் அதை சூப்பர்மார்க்கெட்டில் மோந்து பார்த்ததும் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அது மாசி! மாலத்தீவிலிருந்தும் மினிக்காயிலிருந்தும் வருகிற, ஆச்சி அம்மியில் தட்டித் தேங்காயோடு சம்பல் அரைத்துத் தருகிற அதே மாசிக் கருவாடு. இப்போது கட்சுவோபுஷியை வறுத்து, சின்ன வெங்காயம், தேங்காய், மிளகாய் வைத்து அரைக்கிறேன். மகள் கஞ்சிக்கு அதைத்தான் கேட்கிறாள்.

பயம் என்று சொன்னால், இந்த வார்டில் எனக்கு நிலநடுக்கத்தைவிடத் தண்ணீர்தான் பயம். நிலப்பரப்பில் சுமார் 70 சதவீதம், கடல் ஏற்றத்தின்போது இருக்கும் நீர்மட்டத்துக்குக் கீழே. 2019இல் வார்டு வெளியிட்ட வெள்ள வரைபடத்தின் அட்டையிலேயே ‘இங்கே இருக்காதீர்கள்’ என்று போட்டிருந்தார்கள். அரசாங்கம் தன் மக்களிடம் அவ்வளவு பச்சையாகப் பேசியதை நான் மதிக்கிறேன். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மூழ்கி, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, அம்மா அப்பாவின் போன் கிடைக்காமல் இங்கே நான் தவித்தேன். மாடியில் பத்திரமாக இருந்தார்கள். அதற்குப் பிறகு பள்ளியின் பேரிடர் பயிற்சி எதையும் நாங்கள் தவறவிட்டதில்லை. மகளின் நாற்காலியில் மெத்தைபோல் கிடப்பது தலையில் கவிழ்க்கும் பாதுகாப்புத் துணிதான். அதிலும் பெயர் ஒட்டியிருக்கிறோம்.

இங்கே வருகிறவர்கள் என்னிடம் கேட்டால் ஒன்றைத்தான் சொல்வேன். ஏப்ரலில் பெற்றோர் கூட்டத்தில், பி.டி.ஏ. வேலைக்கு யார் என்று கேட்டதும் அறை அமைதியாகிவிடும். பாஷை தெரியாதே என்று நாமும் குனிந்துகொள்ள வேண்டாம். மொழி அதிகம் தேவைப்படாத வேலைகள் இருக்கின்றன. விளையாட்டு விழாவுக்குக் கூடாரம் போடுவது, நோட்டீஸ் எண்ணி அடுக்குவது, கொடி பிடிப்பது. வருகிற வருடம் நான் நூலகப் புத்தகங்களுக்கு அட்டை போடும் குழுவில் பெயர் கொடுக்கப்போகிறேன். கொடிக்கு இந்த முறை திங்கட்கிழமைகளைத் தான் எடுத்துக்கொள்வதாகக் கணவர் சொல்லியிருக்கிறார். புதன் எனக்கு.