ஒரு 'கே' கூடிப்போன கதை: வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு இங்கே ஹவுஸ் சர்ஜன் ஆனது

"கரிகரன் யாரு தம்பி?"

சரிபார்ப்பு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. அவருடைய ஒரு கையில் என் பாஸ்போர்ட், இன்னொரு கையில் என் மருத்துவப் பட்டச் சான்றிதழான ரஷ்ய டிப்ளமோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு. "நான்தான் சார், ஹரிஹரன்" என்றேன். "அது பாஸ்போர்ட்ல. இதுல பாருங்க" என்று விரலை வைத்துக் காட்டினார். ஆறு வருடம் படித்து, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வையும் தாண்டி வந்து நிற்கிறேன். அந்த வரியை அதுவரை நான் உற்றுப் பார்த்ததே இல்லை.

ரஷ்ய மொழியில் 'எச்' ஒலிக்கு நேரான எழுத்து கிடையாது. அதற்குப் பக்கத்தில் வருகிற வேறொரு எழுத்தைப் போட்டுக்கொள்வார்கள். அந்த எழுத்தைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும்போது 'கே எச்' என்று ஆகிவிடும். அப்படி என் பெயரில் இருந்த இரண்டு 'எச்'சுக்கும் முன்னால் ஆளுக்கொரு 'கே' ஏறி உட்கார்ந்திருந்தது. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டில் நான் 'ஹரிஹரன் எஸ்'. 2016இல் கிளம்பும் முன் அப்போதைய இந்திய மருத்துவக் கவுன்சிலான எம்.சி.ஐ.யில் வாங்கிய தகுதிச் சான்றிதழிலும் அதே பெயர்தான். பாஸ்போர்ட்டில் அந்த 'எஸ்' விரிந்து அப்பாவின் முழுப் பெயராகி, சர்நேம் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. டிப்ளமோவில் அப்பா முன்னால், நான் பின்னால், நடுவே அந்த 'கே'க்கள். இனிஷியல் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். ரஷ்யாவில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டில் படித்தவர்கள் எல்லோரும் தேர்வைப் பற்றியேதான் பேசுவார்கள். தேர்வு கஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. 300 கேள்விகள், 150 வீதம் இரண்டு பகுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம். தவறான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், 150 எடுத்தால் பாஸ். 2023 ஜனவரியில் முதல் முறை எழுதினேன், 143. ஏழு மார்க். அந்த ஏழு என்னை ஆறு மாதம் வீட்டு மாடியறையில் உட்கார வைத்தது. ஜூலை 30ஆம் தேதி மறுபடி எழுதினேன், பாஸ். ஆனால் தேர்வுக்குப் படிக்கப் புத்தகம் உண்டு, கோச்சிங் உண்டு. பேப்பர் வேலைக்கு எதுவும் கிடையாது.

அந்த 'கே'யை எடுக்க எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. நல்லவேளையாக எங்கள் பல்கலைக்கழகத்தில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த திருநெல்வேலித் தம்பி ஒருவன் உதவினான். டீன் அலுவலகத்துக்குப் போய், பாஸ்போர்ட்டில் இருப்பவரும் டிப்ளமோவில் இருப்பவரும் ஒரே ஆள் என்று லெட்டர் வாங்கினான். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே டிப்ளமோவைப் புதிதாக மொழிபெயர்க்க வைத்து, நோட்டரி முத்திரை போட்டு அனுப்பினான். அதற்கெல்லாம் பணம் கட்டுவது தனிக் கூத்து. 2022 மார்ச்சிலேயே விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவில் நின்றுபோய்விட்டன. அவன் அங்கே ரூபிளில் கட்ட, நான் இங்கே அவனுடைய அம்மாவுக்கு ஜிபேயில் அனுப்பினேன். இங்கே என் பங்குக்கு ஸ்டாம்ப் பேப்பரில் ஒரு அஃபிடவிட்.

இப்போது அங்கே படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டிப்ளமோவை மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது பாஸ்போர்ட்டை அவர்கள் முன்னால் விரித்து வையுங்கள். இந்த எழுத்துதான், இதே வரிசைதான் என்று காட்டுங்கள். வாங்கும்போது அங்கேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். பின்னால் இருப்பவர்கள் முறைத்தால் முறைக்கட்டும். சான்றிதழை வெளிநாட்டில் ஏற்க வைக்கும் அப்போஸ்டில் முத்திரையையும் அங்கே இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ஊருக்கு வந்த பிறகு அதற்காக யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கும்.

இன்னொரு காகிதமும் உண்டு. 2020இல் கொரோனாவால் சில மாதம் எங்களுக்கு வகுப்பு இணையவழியில் நடந்தது. அதைப் பிறகு நேரில் ஈடுசெய்தோம் என்று பல்கலைக்கழகம் எழுதித் தர வேண்டும். அது இல்லாமல் மாட்டிக்கொண்ட பலருக்கு ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி 2 ஆண்டாக, சிலருக்கு 3 ஆண்டாகக்கூட ஆனது. அந்த லெட்டரோடு பாஸ்போர்ட்டில் போன, வந்த முத்திரைகள் உள்ள எல்லாப் பக்கத்தையும் நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். நான் எந்தத் தேதியில் எந்த நாட்டில் இருந்தேன் என்று அந்த முத்திரைகள்தான் எனக்காகச் சாட்சி சொல்லின.

எஃப்.எம்.ஜி.இ. பாஸ் சான்றிதழை டெல்லி துவாரகாவில் இருக்கும் தேர்வு வாரிய அலுவலகத்தில் நேரில் போய் வாங்கினேன். எல்லா ஒரிஜினலையும் சோற்று மூட்டை மாதிரி நெஞ்சோடு கட்டிக்கொண்டு ரயிலில் இரண்டு ராத்திரி. அப்பர் பெர்த்தில் ஃபைலைத் தலைக்கு வைத்துத்தான் தூங்கினேன். அப்புறம் சென்னை அரும்பாக்கத்தில் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு. அந்த எண் கைக்கு வந்தால்தான் நோயாளியைத் தொடலாம்.

அடுத்தது பயிற்சிக்கு ஒரு கல்லூரி. 2021 நவம்பரில் வந்த விதிமுறைப்படி ஒரு மருத்துவக் கல்லூரியில் உள்ள மொத்த இடத்தில் 7.5 சதவீதம் வரைதான் எங்களை மாதிரி ஆட்களை எடுக்கலாம். 150 இடம் உள்ள கல்லூரி என்றால் 11 பேர், அவ்வளவுதான். வெளிநாட்டில் படித்துவிட்டு வருபவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால் வரிசை எவ்வளவு நீளம் என்று புரியும். சென்னை கிடைக்காதா என்று ஆசைப்பட்டேன், மாவட்டத் தலைநகர் ஒன்றில் இருந்த அரசுக் கல்லூரி கிடைத்தது. இப்போது யோசித்தால் அதுதான் நல்லது. பெரிய கல்லூரியில் ஒரு கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள், என் கைக்கு எதுவும் வந்திருக்காது. பணம் பற்றிக் கேட்பவர்களுக்கு: பயிற்சிக்கென்று கல்லூரி எங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது, உள்ளூர் மாணவர்களுக்குத் தரும் அதே ஸ்டைபெண்ட் எங்களுக்கும் தர வேண்டும் என்று எம்.சி.ஐ.க்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையமான என்.எம்.சி. 2022 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. எனக்கு ஸ்டைபெண்ட் வந்தது. முதல் மூன்று மாதம் வரவில்லை, நான்காவது மாதம் மொத்தமாக வந்தது. அந்த மூன்று மாதமும் அப்பாதான்.

முதல் போஸ்டிங் ஜெனரல் மெடிசின், ஆறு வாரம். இங்கேதான் உண்மையைச் சொல்ல வேண்டும். அங்கே ஆறு வருடத்தில் நான் ஒரு நரம்பில்கூட ஊசி ஏற்றியதில்லை. ஊசி போடுவது நர்ஸ் வேலை, மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்போம். முதல் நைட் டியூட்டியில், மேல்படிப்பு படிக்கும் பிஜி மேடம் கேஸ் ஷீட்டிலிருந்து தலையைத் தூக்காமலே "பதினாலாம் பெட்டுக்கு ஒரு வென்ஃப்ளான் போட்டுடுங்க" என்றார். டிரிப் ஏற்ற நரம்பில் விட்டு வைக்கும் சின்ன பிளாஸ்டிக் குழாய் அது, உள்ளே ஒரு ஊசியோடு வரும். பதினாலாம் பெட்டில் ஒரு பாட்டி, மூன்று நாள் வாந்தி பேதி, கையெல்லாம் சுருங்கிக் கிடந்தது. பிங்க் நிற வென்ஃப்ளானை எடுத்துப் போனேன். முதல் குத்தில் நரம்பு நழுவியது. இரண்டாவதில் ரத்தம் எட்டிப் பார்த்தது, சந்தோஷத்தில் அப்படியே உள்ளே தள்ளினேன், புஸ்ஸென்று வீங்கிவிட்டது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. "கண்ணு, அந்தக் கையில பாரேன்" என்று மறு கையை நீட்டினார். எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

வார்டில் இருந்த சீனியர் சிஸ்டர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். வந்து என் கையிலிருந்த பிங்க்கை வாங்கி வைத்துவிட்டு அதைவிட மெல்லிய நீலத்தைக் கொடுத்தார். "டாக்டர் தம்பி, ரத்தம் தெரிஞ்சதும் அவசரப்படாதீங்க. ஊசியைத் தாழ்த்துங்க. ஒரு அரிசி அளவுக்கு உள்ள விடுங்க. இப்ப ஊசியை அசைக்காம மேல இருக்குற பிளாஸ்டிக்கை மட்டும் வழுக்கி விடுங்க." போனது. "ஊசியை எடுக்கறதுக்கு முன்னாடி நரம்பை மேல அமுக்கிக்கணும், இல்லேன்னா பெட்ஷீட் நனைஞ்சிடும்" என்று அவரே என் கட்டைவிரலைப் பிடித்து சரியான இடத்தில் வைத்தார். அந்த 'அரிசி அளவு' எந்தப் புத்தகத்திலும் இல்லை. அடுத்த வாரம் முழுக்க யாருக்கு வென்ஃப்ளான் என்றாலும் நான் போகிறேன் என்று போனேன். உள்ளூர்ப் பசங்களுக்கு அது சலித்துப்போன வேலை, சந்தோஷமாக விட்டுக்கொடுத்தார்கள்.

அவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எங்களுக்குப் பெயரே கிடையாது, வெளிநாட்டில் படித்த எல்லோரும் 'எஃப்.எம்.ஜி.'தான். "எஃப்.எம்.ஜி. யாராவது இந்த சாம்பிளை லேபுக்குக் கொண்டுபோங்க" என்பார்கள். இரண்டு பெயரோடு வந்தவனுக்கு இப்போது ஒன்றும் இல்லை என்று நானே சிரித்துக்கொண்டேன். ஆனால் கோ-இண்டர்ன் ஒரு பெண், அந்தக் கல்லூரியிலேயே படித்தவள், இரண்டாம் நாளே தன்னுடைய சின்ன நோட்டைக் கொடுத்துவிட்டாள். எந்த மருந்து எத்தனை மில்லி, எந்த யூனிட் சீஃப்புக்குக் கேஸ் ஷீட்டை எப்படி எழுதினால் பிடிக்கும், எந்த லேபில் எத்தனை மணிக்கு மேல் சாம்பிள் வாங்க மாட்டார்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. பதிலுக்கு நான் அவளுக்கு எஃப்.எம்.ஜி.இ.க்குப் படித்த கேள்விகளை நைட் டியூட்டியில் கேட்பேன், அவள் நீட் பிஜிக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

நான் எதிர்பார்க்காத இன்னொரு சிக்கல் தமிழ். வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் நோயைப் பற்றி நான் கேட்டும் பேசியும் பழகியது ரஷ்ய மொழியில். அங்கே எட்டு விதமான நெஞ்சுவலிக்குச் சொல் தெரியும். இங்கே ஓபியில் ஒருவர் "நெஞ்சைக் கரிக்குது", அடுத்தவர் "மதமதன்னு இருக்கு", இன்னொருவர் "வாயுப் பிடிச்ச மாதிரி" என்றால் எது அசிடிட்டி, எது ஹார்ட் என்று எப்படிப் பிரிப்பது? வாயு என்று சொன்ன அந்தப் பெரியவருக்கு ஈசிஜியில் அட்டாக் இருந்தது. அன்றிலிருந்து வாயு என்று யார் சொன்னாலும் எனக்கு அடிவயிற்றில் ஒரு பயம், உடனே ஈசிஜிக்கு எழுதிவிடுவேன். பிஜி கேலி செய்தார், செய்யட்டும்.

மகப்பேறு ஏழு வாரம். தூக்கமே இல்லை, ஆனால் அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனிக் கதை ஆகிவிடும். ஆர்த்தோ, இ.என்.டி., கண் எல்லாம் இரண்டிரண்டு வாரம், பெயரைக் கற்றுக்கொள்வதற்குள் முடிந்துவிடும்.

கம்யூனிட்டி மெடிசின் 12 வாரம். ஓய்வு எடுக்கும் போஸ்டிங் என்று எல்லோரும் சொன்னார்கள். எங்களை அனுப்பிய ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காலை ஏழே முக்கால் பஸ்ஸை விட்டால் அடுத்தது பத்தரைக்குத்தான். அங்கே கிராம சுகாதார நர்ஸான வி.எச்.என். அக்கா ஒருவர் கர்ப்பிணிகளின் அரசுப் பதிவு எண்ணான பிக்மி நம்பரைப் பேப்பர் பார்க்காமல் சொல்வார். 2021இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண்ணோடு ஒரு வாரம் நடந்தேன். பிரஷர் மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்துவிட்டு, தலைசுற்றும் நாளில் மட்டும் எடுத்துப் போடுகிற ஒரு தாத்தாவை அப்படித்தான் பார்த்தேன். ஓபியில் அவரைப் பார்த்திருந்தால் மாத்திரை வேலை செய்யவில்லை என்று டோஸைக் கூட்டி எழுதியிருப்பேன்.

செய்த வேலைகளைப் பதிந்து கையெழுத்து வாங்கும் லாக்புக் விஷயத்தில் நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். ஒவ்வொரு போஸ்டிங் முடியும் அன்றே கையெழுத்து வாங்கிவிட வேண்டும். சர்ஜரியில் ஒரு வாரம் கழித்து வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த யூனிட் சீஃப் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் பஸ்ஸில் போய் அவர் வீட்டு வாசலில் நின்று வாங்கினேன். திட்டிவிட்டுக் காபி கொடுத்தார். லீவும் அப்படித்தான், வருடம் முழுக்க 15 நாள். அக்கா கல்யாணத்துக்கும் காய்ச்சலுக்கும் எடுத்தது போக நான்கு நாள் அதிகமாகிவிட்டது, அந்த நான்கு நாளும் கடைசியில் எக்ஸ்டென்ஷன் போட்டேன்.

2025 ஜனவரியில் பயிற்சி முடிந்த சான்றிதழ் வாங்கப் போனேன். கிளார்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு தாளை நீட்டினார். மேசையை விட்டு நகராமல் படித்தேன். முதலில் இனிஷியல், பிறகு 'எச்', அதற்கு முன்னால் ஏதாவது இருக்கிறதா, பிறகு இரண்டாவது 'எச்'. மறுபடி முதலிலிருந்து. எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்ன டாக்டர், சொந்தப் பேரை இவ்வளவு நேரமா படிக்கிறீங்க?" என்றார் கிளார்க்.

"ஒரு நிமிஷம் சார்" என்று மூன்றாவது முறை படித்தேன்.