கல்விக் கழகத்தின் சாதனைப் பட்டியலை வாசிக்கும்போது

சிங்கப்பூரில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் தேசியக் கல்விக் கழகம் தன் விரிவுரையாளர்களும் மாணவர்களும் பெற்ற சிறப்புகளை அறிவிக்கும்போதெல்லாம் அதைக் கடைசி வரி வரை வாசிப்பது என் வழக்கம். இந்தப் பேராசிரியருக்கு ஆய்வு மானியம், அந்த விரிவுரையாளருக்குக் கற்பித்தலுக்கான பல்கலைக்கழக விருது, பட்டம் பெறும் மாணவர்களுள் இன்னாருக்குப் பதக்கம், இன்னாரின் கட்டுரை அனைத்துலக ஆய்விதழில் வெளிவந்தது என்று அது நீளும். உயர்நிலைப்பள்ளி ஒன்றில் தமிழாசிரியராகப் பணியாற்றிக்கொண்டே, கழகத்திலிருந்து வரும் பயிற்சி ஆசிரியர்களுக்குப் பள்ளியில் வழிகாட்டும் பொறுப்பையும் ஏற்றிருப்பதால், தெரிந்த பெயர்கள் அதில் கண்ணில் படுவதுண்டு. பெயரைப் பார்த்ததும் மகிழ்ச்சி வருகிறது. அடுத்த நொடியே ஒரு கேள்வியும் வருகிறது: இந்தச் சாதனையால் எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில், எந்தப் பிள்ளைக்கு என்ன மாறியது?

குதர்க்கத்துக்காக நான் இதைக் கேட்கவில்லை. ஆசிரியர்களை உருவாக்கும் நிறுவனத்தின் வெற்றி அதன் வளாகத்துக்குள் நிறைவடைவதில்லை. அங்கே படித்தவர் பதக்கம் வாங்கிக்கொண்டு வெளியேறிய பிறகு, வேறொரு கட்டடத்தில், அந்த நிறுவனத்தின் பெயரையே கேள்விப்படாத பத்து வயதுப் பிள்ளை ஒன்று வாய் திறந்து பேசும்போதுதான் அந்த வெற்றி தெரியவரும். ஆனால் அறிவிப்புகள் வளாகத்தின் வாயிலோடு நின்றுவிடுகின்றன.

கழகத்தின் பழைய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கியது. 1973இல் டாக்டர் ரூத் வோங்கின் தலைமையில் கல்விக் கழகமாக மாறியது. 1991இல் உடற்கல்விக் கல்லூரியுடன் இணைக்கப்பட்டு, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக இப்போதைய பெயரைப் பெற்றது. அதன் பிறகும் சில ஆண்டுகள் புக்கிட் தீமாவிலேயே இயங்கிவிட்டு ஜூரோங் பக்கம் இடம் பெயர்ந்தது. புக்கிட் தீமா வளாகத்தின் மரநிழலைப் பற்றி மூத்த ஆசிரியர்கள் இன்றும் ஏக்கத்துடன் பேசுவார்கள். பூன் லேயில் 179ஆம் எண் பேருந்துக்கு வரிசையில் நிற்கும் இன்றைய பயிற்சி ஆசிரியர்களுக்கு அது கதையாகத்தான் கேட்கும்.

இந்த நிறுவனத்தில் மாணவர் சாதனை, ஆசிரியர் சாதனை என்று இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதுவது எவ்வளவு கடினம் என்பதற்குக் கனகசபை குணாளனைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. ஆசிரியர் பயிற்சி பெற்று, தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தியவர் அவர். காற்பந்து ஆடிக்கொண்டிருந்தவரைத் தடகளத்துக்குத் திருப்பியவர் பயிற்றுநர் டான் எங் யூன். 1966ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 100 மீட்டர் ஓட்டத்தில் குணாளன் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் அதே தூரத்தை 10.38 வினாடிகளில் ஓடி அவர் படைத்த தேசியச் சாதனை, 2001இல் யு. கே. ஷியாம் 10.37 வினாடிகளில் ஓடும்வரை 33 ஆண்டுகள் நிலைத்திருந்தது. அந்த 33 ஆண்டுகளில் குணாளன் என்ன செய்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவர் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் விரிவுரையாளராகப் பணியாற்றினார். சிங்கப்பூர்ப் பள்ளித் திடல்களில் பிள்ளைகளுக்கு ஓடச் சொல்லிக்கொடுத்த பலர் அவரிடம் பாடம் கேட்டவர்கள். ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கை அளக்கக் கருவி இருக்கிறது. அவர் உருவாக்கிய ஆசிரியர்களால் ஓட்டத்தில் விருப்பம் கொண்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை அளக்க எந்தக் கருவியும் இல்லை. ஆகவே நூல்களில் முன்னது மட்டும் இடம்பெறுகிறது.

தமிழுக்கு வருகிறேன். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல், அது சிங்கப்பூரில் இருந்தபோது, தொடங்கப்பட்ட இந்திய இயல் துறைக்காக இதழாளர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டியதும், அத்துறை பின்னர் கோலாலம்பூருக்குப் போய்விட்டதும் நம்மவர்கள் அறிந்த செய்திகள். அதற்குப் பிறகு நெடுங்காலம், பள்ளிக்கு மேற்பட்ட நிலையில் தமிழை முறையாகப் பயில இங்கே இருந்த வாய்ப்புகள் குறைவு. ஆசிரியர் பயிற்சி நிறுவனம் அந்த வெற்றிடத்தையும் ஓரளவு நிரப்ப வேண்டியிருந்தது. தமிழ்ப் பிரிவு எப்போதுமே சிறியது. முனைவர் சுப. திண்ணப்பன் போன்றவர்கள் இலக்கணத்தையும் இலக்கியத்தையும் அங்கே கற்பித்தபோது, அவர்கள் முன் அமர்ந்திருந்தவர்கள் அடுத்த தலைமுறையின் தமிழாசிரியர்கள். ஒரு விரிவுரையாளர் சொல்லும் ஒரு விளக்கம் சில ஆண்டுகளில் தீவின் பல பள்ளிகளுக்குச் சென்றுவிடும். பிரிவு சிறியது என்பதால் அதன் தாக்கமும் சிறியது என்று எண்ணிவிடக் கூடாது. ஆள் குறைவாக உள்ள இடத்தில் ஒவ்வொருவரின் சொல்லும் கூடுதல் தூரம் போகிறது. நல்ல விளக்கத்தைப் போலவே தவறான விளக்கமும் அப்படித்தான் பரவும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என்னைக் கேட்டால், அண்மைக் காலத்தில் கழகத்தின் விரிவுரையாளர்கள் தமிழ் வகுப்பறைக்குச் செய்த மிகப் பெரிய பணி பேச்சுத் தமிழ் பற்றிய ஆய்வுதான். 2010ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் தமிழையே பெரும்பாலும் பேசுவதாகச் சொன்ன இந்தியர்கள் 36.7 விழுக்காட்டினர். 2020இல் அது 27.3 விழுக்காடாகக் குறைந்தது, ஆங்கிலம் 41.6இலிருந்து 59.2 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. வீட்டில் கேட்காத மொழியைப் பிள்ளை வகுப்பில்தான் கேட்கிறது. அந்த வகுப்பிலும் எழுத்துத் தமிழ் மட்டுமே ஒலித்தால், கடைத்தெருவிலோ பாட்டியிடமோ பேசுவதற்கான தமிழ் அதற்கு எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வியை உணர்ச்சிவயப்படாமல் ஆய்வுக்கு உட்படுத்தியவர்கள் வனிதாமணி சரவணன், சீதா லட்சுமி, இமெல்டா கேலியன் ஆகியோர். எழுத்துத் தமிழையும் தரமான பேச்சுத் தமிழையும் பற்றிய மனப்பான்மைகளை ஆராய்ந்த அவர்களுடைய கட்டுரைகள் 2007, 2009 ஆகிய ஆண்டுகளில் அனைத்துலக ஆய்விதழ்களில் வெளிவந்தன. பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் உரிய இடம் வேண்டும் என்று 2005இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவும் பரிந்துரைத்திருந்தது. பேச்சுத் தமிழை அனுமதித்தால் தமிழ் கெட்டுவிடும் என்று மேடைகளில் முழங்கப்பட்ட காலத்தில் செய்யப்பட்ட பணி இது என்பதை மறந்துவிடக் கூடாது. இன்று வாய்மொழித் தேர்வில் ஒரு பிள்ளை இயல்பான நல்ல பேச்சுத் தமிழில் விடை சொல்லும்போது, அதன் பின்னால் எவரெவருடைய உழைப்பு இருக்கிறது என்பது அப்பிள்ளைக்குத் தெரியாது. தெரியவும் வேண்டியதில்லை. ஆனால் சாதனைப் பட்டியல் தயாரிப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கழகத்தில் 2002இல் அமைந்த கற்பித்தல் ஆய்வு நிலையத்தையும் இதனுடன் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொடக்கநிலை 5, உயர்நிலை 3 வகுப்புகளில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அதன் ஆய்வாளர்கள் பாடவேளை பாடவேளையாக அமர்ந்து பதிவு செய்தார்கள். வகுப்பறைப் பேச்சில் பெரும்பங்கு ஆசிரியருடையதாகவே இருப்பதை அந்த ஆய்வுகள் வெளிச்சமிட்டன. ஆசிரியர் கேட்பார், மாணவர் ஒரு சொல்லில் விடை சொல்வார், ஆசிரியர் ‘சரி’ என்பார், பாடம் நகர்ந்துவிடும். தமிழ் வகுப்பு இதற்கு விலக்கு என்று நம்மில் எவரும் மார்தட்டிக்கொள்ள முடியாது.

இவையெல்லாம் ஓர் இடத்தில் சந்தித்ததை அண்மையில் பார்த்தேன். எங்கள் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்காக வந்திருந்த பெண் ஒருவர் உயர்நிலை 1 வகுப்பில் வாய்மொழிப் பாடம் நடத்தினார். உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்டு முடித்த ஒருவர் தட்டைத் திருப்பி வைக்காமல் எழுந்து போகும் சிறு காணொளியைத் திரையிட்டார். “என்ன நடந்தது?” என்று கேட்டதும், முன்வரிசையில் இருந்த பையன், “அவரு டிரேய அங்கயே வச்சிட்டுப் போயிட்டாரு, டீச்சர்” என்றான். நம்மில் பலர் அந்த இடத்திலேயே ‘டிரே’யைத் தட்டு என்றும், ‘போயிட்டாரு’வைப் ‘போய்விட்டார்’ என்றும் திருத்திவிட்டு அடுத்த பிள்ளையிடம் போயிருப்போம். அவர் அப்படிச் செய்யவில்லை. “ஏன் அப்படிச் செஞ்சாரு?” என்று பேச்சுத் தமிழிலேயே கேட்டுவிட்டு, பேசாமல் நின்றார். வகுப்பில் அமைதி நிலவியது. பின்னால் இருந்த எனக்கே அது சற்று நீளமாகப் பட்டது. பையன் யோசித்து, “அவருக்கு அவசரமா இருக்கலாம். ஆனா எங்க தாத்தா அந்த வேலதான் செய்றாரு. எல்லாரும் அப்படியே விட்டுட்டா அவருதான் எடுக்கணும்” என்றான். அதன் பிறகுதான் ஆசிரியை வெண்பலகையின் இடப்புறம் அவன் சொன்னதை அப்படியே எழுதினார். வலப்புறத்தைக் காலியாக விட்டு, இதையே கட்டுரையில் எப்படி எழுதுவீர்கள் என்று வகுப்பைக் கேட்டார். ‘விட்டுட்டா’ என்பதற்கு எதிரே ‘விட்டுவிட்டால்’ என்பதைச் சொன்னது அதுவரை வாயே திறக்காத ஒரு பெண்.

பாடம் முடிந்ததும் கழகத்திலிருந்து வந்திருந்த மேற்பார்வையாளரும் நானும் பயிற்சி ஆசிரியையும் ஆசிரியர் அறையின் மூலையில் அமர்ந்து பேசினோம். மேற்பார்வையாளர் கேட்ட முதல் கேள்வி பாடக்குறிப்பைப் பற்றியதன்று. “அந்தப் பையன் மூன்று வாக்கியங்கள் பேசினான். அவனைத் தவிர, ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசியவர்கள் யார் யார்?” என்று கேட்டார். பயிற்சி ஆசிரியை யோசித்துப் பார்த்து, பின்வரிசையில் இருந்தவர்களுக்கு வாய்ப்பே தரவில்லை என்று சொன்னார். அடுத்த பாடத்தில் முதலில் இருவர் இருவராகப் பேசவிட்டுப் பிறகு வகுப்புக்குப் பொதுவாகப் பேச வைக்கலாம் என்று முடிவாயிற்று. ஆய்விதழில் கட்டுரை எழுதும் ஒருவரின் அறிவு, நாளை வகுப்பை ஏற்கப்போகும் ஒருவரின் கைக்கு இப்படித்தான் போய்ச் சேர்கிறது. எந்த அறிவிப்பிலும் இதற்கு ஒரு வரி ஒதுக்கப்பட்டதை நான் கண்டதில்லை.

விருதுகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழ் முரசும், சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கமும், தமிழ்மொழி கற்றல் வளர்ச்சிக் குழுவும் சேர்ந்து 2002 முதல் வழங்கிவரும் நல்லாசிரியர் விருதை நான் பெரிதும் மதிக்கிறேன். அதற்கு மாணவர்களே தங்கள் ஆசிரியரை முன்மொழிய முடிகிறது என்பதுதான் காரணம். ‘என் ஆசிரியர் எனக்கு இதைச் செய்தார்’ என்று பிள்ளைகள் எழுதும் வரிகள், தேர்வுக்குழுவின் புகழுரைகளைவிடத் தெளிவாகச் செய்தியைச் சொல்லிவிடுகின்றன. பட்டமளிப்பின்போது வழங்கப்படும் பதக்கங்களைப் பற்றி எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. அவை கல்லூரித் தேர்ச்சிக்கான மதிப்பு. மதிப்பு தகுதியானவர்களுக்கே போகிறது. ஆனால் பதக்கம் பெற்றவர் ஐந்து ஆண்டுகள் கழித்து எப்படிக் கற்பிக்கிறார் என்பதை எழுதினால், கழகத்துக்கு அதைவிடப் பெருமை தரும் செய்தி வேறு இருக்காது.

எனக்கு ஒரு குறையும் உண்டு. தமிழ் வகுப்பறையைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. பல்கலைக்கழகத்தின் பதவி உயர்வுக் கணக்கு அதைத்தான் கேட்கிறது என்பது புரிகிறது, பேராசிரியர் ச. கோபிநாதனைப் போன்றோர் சிங்கப்பூரின் கல்விக் கொள்கையை உலக அரங்கில் விளக்க முடிந்ததற்கும் ஆங்கிலமே வழிவகுத்தது. ஆனால் தமிழாசிரியர்கள் தங்கள் வகுப்பைப் பற்றிய முடிவுகளைக் கட்டணம் கேட்கும் ஆங்கில ஆய்விதழில் தேடிப் படிக்க வேண்டியிருப்பது முறையா? எங்கள் பள்ளியின் தமிழ்ப் பிரிவில், பேச்சுத் தமிழ் ஆய்வின் முடிவுகளைச் செவிவழியாக மட்டுமே அறிந்தவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன பயிற்சி ஆசிரியைகூட அக்கட்டுரைகளைத் தம் பயிற்சிப் படிப்புக்காகத்தான் வாசித்தார்.

ஆகவே கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். தமிழ் கற்பித்தல் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவரும்போது, அதன் ஆசிரியரே இரண்டு பக்கங்களில் தமிழில் ஒரு சுருக்கம் எழுதட்டும்: என்ன கேட்டோம், என்ன கண்டோம், அடுத்த வாரப் பாடத்தில் ஓர் ஆசிரியர் எதை மாற்றிப் பார்க்கலாம் என்ற அளவில் இருந்தால் போதும். உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் தமிழாசிரியர்கள் கூடும் பயிலரங்குகளில் அதை வழங்கலாம். அதைத் தம் வகுப்பில் முயன்று பார்த்த ஆசிரியர் ஒருவர், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதி அதே பக்கத்தின் கீழே சேர்க்கலாம். அடுத்த ஆண்டின் சாதனை அறிவிப்பில், கட்டுரையின் பெயருக்குப் பக்கத்தில் அந்த ஆசிரியருடைய பெயரும் பள்ளியும் இடம்பெறட்டும்.