தொட்டகாஜனூரில் பைக்குள் இருந்த அப்பு

பெங்களூரு கண்டீரவா ஸ்டுடியோ பக்கம் ஒரு பாட்டி படம் விற்றுக்கொண்டிருந்தார். உள்ளங்கை அளவு லேமினேஷன் அட்டை, இருபது ரூபாய். அப்பு என்று எல்லோரும் கூப்பிடும் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் சிரிக்கிறார், தோளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் புறா. கீழே இரண்டு தேதிகள்: 17-3-1975, 29-10-2021. பேரம் பேசாமல் ஒன்று வாங்கி வண்டிப் பையில் வைத்துக்கொண்டேன். சாமி படத்துக்கும் செத்தவர் படத்துக்கும் பேரம் பேசக் கூடாது என்பது அம்மா சொல்லிக் கொடுத்தது.

கொரகுண்டேபாளையா மெட்ரோவில் இறங்கினால் ஆட்டோக்காரர்களே "அப்பு சமாதியா?" என்று கேட்பார்கள் என நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். நான் பைக்கில் போனேன். வெளியே ரிங் ரோட்டில் லாரி இரைச்சல், உள்ளே செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும் சனம். அப்புவின் அப்பா, நடிகர் ராஜ்குமார், 2006இல் இங்கே அடக்கமானார். அவர் மனைவி பர்வதம்மா 2017இல். கடைசி மகன் அப்பு 2021இல், நாற்பத்தாறு வயதில். அப்பா, அம்மா, பிள்ளை என்று மூவரும் ஒரே வளாகத்தில். வடக்கு கர்நாடகப் பேச்சில் பேசிக்கொண்ட ஒரு குடும்பம், வாழையிலையில் சோறும் கோழிக் குழம்பும் ஒரு அவித்த முட்டையும் கொண்டுவந்து வைத்தது. ஊதுபத்தியும் உண்டு. நம் ஊரில் தாத்தாவுக்குப் படையல் போடுகிற மாதிரியேதான். நடிகருக்கு மாலை போடுவதைப் பார்த்திருக்கிறேன், முட்டை வைத்து நான் பார்த்ததில்லை. ரசிகர்கள் என்று அவர்களைச் சொல்ல வாய் வரவில்லை.

நான் சத்தியமங்கலத்துக்காரன். பத்தொன்பது வருடமாகப் பெங்களூருவில் இருக்கிறேன். வண்டி இன்னும் டிஎன் 36 தான். மாற்றியிருக்க வேண்டும், சட்டமும் அதைத்தான் சொல்கிறது, சோம்பேறித்தனம்.

இந்த நம்பர் பிளேட்டுக்கு ஒரு கதை உண்டு. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது அதன்மேல் சேற்றை அப்பிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அதற்கும் முன்னால், 2006 ஏப்ரல் 12ஆம் தேதி ராஜ்குமார் இறந்தபோது, வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பஸ்கள் எரிந்தன, கல் பறந்தது, ஒரு போலீஸ்காரர் உட்படச் சிலர் உயிர் இழந்தார்கள். நாங்கள் நான்கு பையன்கள் தங்கியிருந்த அறையின் வீட்டுக்காரம்மா, "ஹொரகடெ ஹோக்பேட்ரோ" (வெளியே போகாதீங்கடா) என்று கதவை வெளிப்பக்கம் பூட்டிவிட்டு, ஜன்னல் வழியாக உப்புமா கொடுத்தார். ஒரு நடிகரின் சாவு என்றால் அது எனக்குப் பயமாகத்தான் அறிமுகமானது.

ஆகவே 2021 அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை பிற்பகல், உடற்பயிற்சி செய்துவிட்டு வந்த புனித்துக்கு நெஞ்சுவலி, ஆள் போய்விட்டார் என்று செய்தி வந்ததும் நான் முதலில் அழவில்லை. பால் வாங்கப் போனேன். மூன்று பாக்கெட் பால், ஒரு கிலோ ரவை. மனைவிக்கு போன் செய்து குழந்தையைக் கூட்டிவரச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் தெருமுனை டீக்கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டு அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கும் தொண்டை அடைத்தது. வந்த புதிதில் கன்னடம் பழக அப்பு படங்களாகத்தான் பார்த்தேன். அவருடைய கன்னடம் தெளிவு, நிதானம். மொழி கற்றுக்கொடுத்த வாத்தியார் செத்துப்போன மாதிரி இருந்தது.

மறுநாள் கண்டீரவா ஸ்டேடியத்தில் வரிசையில் நின்றேன். நான்கு மணி நேரம். பின்னால் நின்ற பையன் பிஸ்கட்டைப் பாதி உடைத்துக் கொடுத்துவிட்டு, "யாவூரு?" என்றான். கொஞ்சம் தயங்கித்தான் சத்தியமங்கலம் என்றேன். அந்தப் பெயரைக் கேட்டதும் பெங்களூருவில் யாரும் அடுத்துச் சொல்வது வீரப்பன். இவன் அப்படிச் சொல்லவில்லை. "ஓ, அண்ணாவ்ரு ஊர் கடெ!" என்றான். அண்ணாவ்ரு என்றால் அங்கே ஒரே ஆள்தான், ராஜ்குமார்.

அவன் சொன்னது உண்மை. தாளவாடி மலையில் இருக்கிற தொட்டகாஜனூர்தான் ராஜ்குமார் பிறந்த ஊர். எங்கள் ஈரோடு மாவட்டம். அப்பு பிறந்ததோ மெட்ராஸில், கன்னட சினிமா அங்கே குடியிருந்த காலத்தில். மலையடிவாரத்தில் வளர்ந்த நான் அந்த ஊருக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. பிஸ்கட் கொடுத்த பையன் முகத்துக்கு நேராக அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

போக இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 2024 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை சமாதியைப் பார்த்துவிட்டு, ஞாயிறு விடியற்காலை கிளம்பினேன். கனகபுரா, மளவள்ளி, கொள்ளேகால், சாம்ராஜ்நகர். வழியில் அப்பு படங்களை எண்ணிக்கொண்டே போவது என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். ஆட்டோ முதுகில், பேக்கரியில் விநாயகருக்கும் லட்சுமிக்கும் நடுவில், சலூன் கண்ணாடியில், ஒரு டிராக்டரின் மட்கார்டில். மளவள்ளி வருவதற்குள் கணக்கு தப்பிவிட்டது. தட்டு இட்லி சாப்பிட்ட கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு கண்தான விளம்பரமும் மாட்டியிருந்தது. அப்புவின் இரண்டு கண்களால் நான்கு பேருக்குப் பார்வை கிடைத்தது. கருவிழியின் மேல் அடுக்கை ஒருவருக்கும் உள் அடுக்கை இன்னொருவருக்குமாகப் பிரித்துப் பொருத்தினார்கள். அதன் பிறகு கர்நாடகத்தில் கண்தானத்துக்குப் பெயர் கொடுக்கக் கூட்டம் கூடியது. கடைக்காரரும் எழுதிக் கொடுத்துவிட்டாராம். "நான் செத்தா ரெண்டு பேருக்கா, நாலு பேருக்கா, அது டாக்டர் பாடு" என்றார் கன்னடத்தில், சட்னி ஊற்றிக்கொண்டே.

சாம்ராஜ்நகரைத் தாண்டியதும் எல்லை. போர்டில் எழுத்து மட்டும்தான் மாறியது. தாளவாடி பஸ் ஸ்டாண்டில் நம் ஊர் பஸ்ஸும் கர்நாடக பஸ்ஸும் அருகருகே நிற்க, கடைப் பலகை தமிழில், கடைக்குள் பேச்சு கன்னடத்தில். தக்காளிக் கிரேடும் முட்டைக்கோஸ் மூட்டையும் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் ஒரே வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடித்தார்கள். பெங்களூருவில் பத்தொன்பது வருடமாக நான் எச்சரிக்கையாக மாற்றிப் போடும் கியர் இது. இங்கே யாருக்கும் கிளட்சே தேவைப்படவில்லை.

டீக்கடையில் ஒரு பெரியவர் "கூத்கொள்ளி சார்" என்று பெஞ்சில் இடம் விட்டார். ஊரைச் சொன்னதும் தமிழுக்கு மாறிவிட்டார். பேச்சு தானாக 2000க்குப் போனது. அந்த ஜூலை 30ஆம் தேதி ராத்திரி தொட்டகாஜனூர் வீட்டில் இருந்து ராஜ்குமாரையும் இன்னும் மூன்று பேரையும் வீரப்பன் கூட்டிப்போனான். நவம்பர் 15 வரை நூற்றியெட்டு நாள். நான் அப்போது சத்தியில் பிளஸ் ஒன். கர்நாடக பஸ் நின்றுபோய், ஊர் முழுக்க அதிரடிப்படை ஜீப்பும் டிவி வண்டியும் நின்றன. எங்களுக்கு அது கொஞ்சம் வேடிக்கையாகக்கூட இருந்தது, பொய் சொல்லவில்லை. பெரியவருக்கு அப்படி இல்லை. "நூத்தியெட்டு நாளும் எங்க முகத்த யாரும் நேரா பாக்கலீங்க. அந்தப் பக்கம் போனா தமிழன், இந்தப் பக்கம் எறங்குனா கன்னடக்காரன்" என்றார்.

அப்பு அட்டையை எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு திருப்பிக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "காஜனூருக்குள்ள இத வெளிய எடுக்காதீங்க" என்றார்.

எனக்குப் புரிந்தது. பத்திரிகைகளில் படித்திருந்தேன். ராஜ்குமாரின் தங்கை அங்கேதான் இருந்தார். தொண்ணூறைத் தொட்ட வயது. அப்பு அவருக்குச் செல்லம். மாநிலமே மூன்று நாள் அழுது, அரசு மரியாதையோடு அடக்கம் செய்து, ஒரு வருடம் கழித்து ரஜினிகாந்தும் ஜூனியர் என்டிஆரும் வந்து நிற்க 'கர்நாடக ரத்னா' கொடுத்த பிறகும், அந்த ஒரு அத்தைக்கு மட்டும் அப்பு உயிரோடு இருந்தார். அதிர்ச்சி தாங்க மாட்டார் என்று வீட்டார் சொல்லவே இல்லை.

தொட்டகாஜனூரில் நான் இருந்தது இருபது நிமிடம் இருக்கும். ராஜ்குமார் பிறந்த பழைய ஓட்டு வீட்டை வெளியே நின்று பார்த்தேன். சின்ன வீடு. அத்தனை பெரிய குரல் இவ்வளவு தாழ்ந்த கூரைக்கடியில் இருந்தா வந்தது என்று தோன்றியது. தங்கை வீடு எது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் யாராவது காட்டியிருப்பார்கள், நானும் போயிருப்பேன், என்னை நம்ப முடியாது. பையின் ஜிப் சரியாக மூடியிருக்கிறதா என்று மட்டும் இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். ராகி வைக்கோல் போருக்குக் கீழே ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

ஆசனூர் வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. ஒன்பது மணிக்கு மேல் மலையில் வண்டி விடமாட்டார்கள். திம்பத்தின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, பண்ணாரி அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா அட்டையைப் பார்த்துவிட்டு, "ராஜ்குமார் பையனா? அப்பன் காட்டுல இருந்தப்ப அந்தம்மா டிவில அழுதுச்சே" என்றார். அம்மாவுக்கு நினைவிருந்தது பர்வதம்மாவைத்தான்.

அட்டை பைக்குள்ளேயே கிடந்தது. ஏனோ வெளியே எடுக்க மனம் வரவில்லை. 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி அந்த அத்தை இறந்துபோனதாகச் செய்தி வந்தது. கடைசி வரை சொல்லவில்லையாம்.

அன்று மாலை ஆபீஸ் பார்க்கிங்கில் வைத்து அட்டையை எடுத்து, முன்பக்க ஹெட்லைட்டுக்கு மேலே செல்லோடேப் போட்டு ஒட்டினேன். செக்யூரிட்டி அண்ணா படத்தைப் பார்த்தார், குனிந்து நம்பர் பிளேட்டைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் அகலமான டேப்பாக ஒன்று எடுத்துவந்தார். "மழே பர்தாயிதே, இது நில்லல்ல" (மழை வருது, இது நிக்காது) என்று சொல்லி, நான்கு ஓரத்திலும் அவரே ஒட்டிக் கொடுத்தார்.