அரைக் கிண்ணம் தேநீர்

காலை உணவின்போது ரொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

விடுதிப் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. தேநீர்க் கெண்டியோடு வந்தவர், போகிற போக்கில் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு நகர்ந்தார். ரொட்டியைக் குப்புற வைப்பது இங்கே அவமரியாதை என்று பிறகு பேரன்தான் விளக்கினான்.

உஸ்பெகிஸ்தானின் சமர்கண்ட் நகரில் எனக்குக் கட்டுப்படியான அறை இது. வெந்நீர் வருமுன் குழாய் ஐந்து நிமிடம் இருமுகிறது. வைஃபை முற்றத்து மரத்தடியில் மட்டும்.

ஆனால் இந்த ரொட்டி! உஸ்பெக் மொழியில் 'நோன்'. நம் ஓட்டல்களின் 'நான்' இதற்கு உறவு. விளிம்பு தடித்துப் பளபளக்கிறது. நடுவில் முள் அச்சால் குத்திய பூக்கோலம். அழகுக்காக மட்டுமல்ல, அடுப்பில் நடுப்பகுதி உப்பாமல் இருக்கவும்தான்.

தேநீரும் உடனே கிடைக்காது. கிண்ணத்தில் ஊற்றி, கெண்டிக்கே திருப்பி, இப்படி மூன்று முறை. பிறகு எனக்கு அரைக் கிண்ணம். நிறைய ஊற்றினால் 'கிளம்பு' என்று பொருளாம். நம் வீட்டில் அரை டம்ளர் காப்பி கொடுத்துப் பாருங்கள், விருந்தாளி ஆயுளுக்கும் மறக்கமாட்டார்.

பெரிய ஓட்டலில் தங்கியிருந்தால் ரொட்டியை எப்படி வைத்தாலும் யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். தவறு செய்யக்கூட அங்கே வழியில்லை.

இந்த நகரை ஆண்ட உலுக் பெக் 1420இல் கட்டி முடித்த மதரசாவைப் பார்க்கத்தான் வந்தேன். நடக்கிற தூரம்.

மணி பதினொன்று. நான்காவது அரைக் கிண்ணம் ஓடிக்கொண்டிருக்கிறது.